குடியேறியோர் வரலாறும் முன்னோர் ஆராய்ச்சியும்
(கனடா நாட்டு உக்ரேனியரைப் பற்றியது)

நதி மூலமும் ரிஷி மூலமும் ஆராயலாகாது என்பது நம் நாட்டு முதுமொழி. ஆயினும், தன் மூலத்தைத் தான் அறிய விழைதல் மக்கட்கு இயற்கை. தந்தை பெயர் அறியாதார் அரியர். பாட்டன் பெயர் அறிந்தாரும் பலர். பாட்டனுக்குப் பாட்டன் யாவன், எவ்வூரினன் என்று வினவினாலோ, பிறந்த ஊரிலேயே பரம்பரையாய் வாழ்வாரும் விடை கூறத் தடுமாறுவர். அங்ஙனமாயின், ஊரும் மொழியும் எழுத்தும் அரசும் மாறி, பெயரே திரிந்துபோன வேற்று நாட்டிற் பிறந்த பேரப்பிள்ளைகள் தம் முன்னோரை எங்ஙனம் கண்டறிவர்?

இவ்வினாவிற்கு விடை காண முயன்றோருள் கனடா நாட்டு உக்ரேனியர் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவர். 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் உக்ரேனிய மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் ஏறத்தாழ 12½ இலட்சம் பேர். அவர்களுட் பலருடைய முன்னோர் எழுத்தறியாத குடியானவர், நாட்குறிப்பு எழுதியவரல்லர், அரண்மனைச் சாசனங்களிற் பெயர் பொறிக்கப்பட்டவருமல்லர். எனினும் அவர்களைப் பற்றி அச்சேறிய நூல்கள் பல உள்ளன. அந்நூல்கள் எவை, அவற்றை எவ்வாறு பயில வேண்டும், அவை கூறுவன யாவை, கூறாது விட்டன யாவை என்பவற்றை ஒருவாறு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1. குடியேற்றம்

நூல்களைப் பயிலுமுன் அவற்றிற்குப் பொருளாய் அமைந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உக்ரேனியரில் ஒரு பகுதியினர் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்ட கலீசியா, புக்கோவினா என்னும் இரு மாகாணங்களில் வாழ்ந்தனர். நிலம் தந்தையிடமிருந்து மக்களுக்குப் பங்கிடப்பட்டுப் பங்கிடப்பட்டு, ஒரு குடும்பம் உண்ணப் போதாத சிறு துண்டுகளாய்க் குறைந்தது. காடும் மேய்ச்சல் நிலமும் பெருநிலக்கிழாரின் கையிலிருந்தன. விறகுக்கும் புல்லுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில் குடியானவர் உழன்றனர்.

அக்காலத்தில் கனடா அரசாங்கம் தன் மேற்குச் சமவெளியைப் பயிரிடுவாரின்றித் தவித்தது. 1872-ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின்படி, பத்து டாலர் கட்டணம் செலுத்துவோர்க்கு 160 ஏக்கர் நிலம் அளிக்கப்பட்டது. மூன்றாண்டு அங்கே வாழ்ந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திப் பயிரிட்டால் பட்டா கிடைக்கும். இச்செய்தி கலீசியாவில் நெபிலிவ் என்னும் சிற்றூரை எட்டியது. அவ்வூரினராகிய இவான் பிலிபிவ், வசில் எலினியக் என்னும் இருவர் 1891-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் மாண்ட்ரியல் துறைமுகத்தில் இறங்கினர். கனடாவின் உக்ரேனியக் குடியேற்றத்திற்கு அந்நாளையே தொடக்கமாகக் கொள்வர். பிலிபிவ் ஊர் திரும்பித் தான் கண்டதைப் பிறர்க்குக் கூற, மக்களை நாட்டைவிட்டுப் போகத் தூண்டினான் என்று அவனைச் சிறையிலிட்டனர். சிறைவாசத்தால் செய்தி பின்னும் பரந்தது.

1895-இல் லிவிவ் நகரத்து வேளாண்மைப் பேராசிரியரான ஒசிப் ஒலெஸ்கிவ் என்பார் கனடா சென்று நிலத்தை நேரிற் கண்டு, குடியானவர்க்கு விளங்கும் எளிய நடையில் சிறு நூல்கள் எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டில் கனடாவின் உள்நாட்டு மந்திரியான கிளிபர்டு சிப்டன் இத்தகைய உழவரை விரும்பி வரவேற்றார். 1914-இல் முதல் உலகப்போர் மூளும்வரை ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியர் வந்து ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா மாகாணங்களிற் குடியேறினர்.

2. நூல்களின் வகை

இம்மக்களைப் பற்றிய நூல்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, குடியேறியவரே கூறியனவும், அவரோடு உடன் வாழ்ந்தார் எழுதியனவுமாம். 1897-இல் அமெரிக்காவிலிருந்து கனடா வந்து உக்ரேனியர் ஊர்களைச் சுற்றிப் பார்த்த நெஸ்டர் திமித்ரிவ் என்னும் குருவானவர் தம் பயண நினைவுகளை அவ்வாண்டிலேயே எழுதி வெளியிட்டார். முதலிற் கரையிறங்கிய பிலிபிவையே 1932-இல் இவான் போபெர்ஸ்கி என்பார் கண்டு வினவி, அவர் கூறியவற்றை எழுதி வைத்தார். வசில் சூமர் என்பார் முதற் குடியேறிகளின் அனுபவங்களைத் தொகுத்து 1942-இல் எட்மண்டன் நகரிலிருந்து உக்ரேனிய மொழியில் நூலாக்கினார். இவை நேரிற் கண்டார் வாய்மொழி ஆதலின் உயிர்ப்புடையன. ஆனால் ஆண்டும் நாளும் நினைவிலிருந்து கூறப்பட்டன ஆகையால் பிழைபடுதலும் உண்டு.

இரண்டாம் வகை, ஆராய்ச்சியாளர் அரசாங்கப் பதிவுகளைத் துருவி எழுதியன. இவற்றுள் தலைமையானவை விளாடிமிர் கே என்பாரின் நூல்கள். அவர் 1895 முதல் 1900 வரை நிகழ்ந்த குடியேற்றங்களை ஆராய்ந்து 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதனினும் முன்னோர் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவன அவர் தொகுத்த வாழ்க்கைக் குறிப்பு அகராதிகளாம். 1900-க்குள் மானிட்டோபாவில் குடியேறியோரைப் பற்றியது 1975-இலும், ஆல்பர்ட்டாவில் குடியேறியோரைப் பற்றியது 1984-இலும் வெளிவந்தன. பேரரசரையும் தளபதியரையும் பற்றியே அகராதிகள் எழுந்த உலகில், கலப்பை பிடித்தவனுக்கு ஓர் அகராதி எழுந்தது வியப்பன்றோ? மைக்கேல் இவான்சுக் என்பார் மானிட்டோபாவின் கிம்லி வட்டாரத்தைப் பற்றி 1977-இல் எழுதிய நூலுக்கு ‘ஸ்புரூஸ் மரமும் சதுப்பும் கல்லும்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். அம்மக்களுக்குக் கிடைத்த நிலம் எத்தகையது என்பதைப் பெயரே உரைக்கும்.

மூன்றாம் வகை, வட்டார நூல்கள். கனடா நாட்டுக்கு 1967-இல் நூறாண்டும், மானிட்டோபாவுக்கு 1970-இல் நூறாண்டும், ஆல்பர்ட்டாவுக்கும் சஸ்காச்சுவானுக்கும் 1980-இல் எழுபத்தைந்து ஆண்டும் நிறைந்தன. அவ்விழாக்களையொட்டி ஊர்தோறும் மக்கள் கூடித் தத்தம் ஊர் வரலாற்றை எழுதினர். பள்ளிக்கூடம், கோயில், தபாலாபீசு, தானியக்கிடங்கு ஆகியவற்றின் கதை முதலில் வரும். பின்னர் குடும்பங்கள் அகரவரிசையில் வரும். ஒவ்வொரு குடும்பத்தின் வரலாற்றையும் அக்குடும்பத்தாருள் ஒருவரே எழுதியிருப்பர். பழைய புகைப்படங்களும் உடனிருக்கும். இந்நூல்கள் சில நூறு படிகளே அச்சாகி ஊருக்குள்ளேயே விற்றுப்போனவை. இக்காலத்தில் அவற்றுட் பலவற்றைப் பல்கலைக்கழக நூலகங்கள் படமெடுத்து, எவரும் எங்கிருந்தும் காணுமாறு வைத்துள்ளன.

3. பெயர் என்னும் முதற்றடை

நூலைக் கையிலெடுத்தவர் முதலிற் பெயர்க்குறிப்பு அட்டவணையைப் புரட்டுவர். அங்கே தம் முன்னோர் பெயர் இல்லையாயின், நூலை மூடிவிடுவர். இஃது அவசரமாம். பெயர் இருக்கும், தேடியவர் அறிந்த வடிவில் இராது, அவ்வளவே.

காரணம் கூறுவோம். உக்ரேனியர் தம் மொழியைச் சிரில்லிக் எழுத்தில் எழுதுவர். கப்பற் கணக்கரும் நில அலுவலரும் அதனை ரோமன் எழுத்தில் எழுதும்போது, ஒருவர் போலிஷ் முறையைப் பின்பற்றினார். ஒருவர் ஜெர்மன் முறையைப் பின்பற்றினார். ஆங்கிலேயர் தம் காதுக்குப் பட்டவாறு எழுதினர். ஷெவ்சுக் என்பது உக்ரேனியருள் பெருவழக்கான குலப்பெயர். அதன் முதலொலியை ஆங்கில முறையில் எஸ்-ஹெச் என்றும், போலிஷ் முறையில் எஸ்-இஸட் என்றும், ஜெர்மன் முறையில் எஸ்-சி-ஹெச் என்றும் எழுதுவர். ஆகவே ஒரே பெயர் அட்டவணையில் மூன்றிடங்களில் நிற்கும். வகரத்தில் தொடங்கும் பெயர்களோ ‘வி’ என்னும் எழுத்திலும் ‘டபிள்யூ’ என்னும் எழுத்திலும் சிதறிக் கிடக்கும். நாம் முன்னர்க் கூறிய எலினியக் என்பவரே ‘இ’ வரிசையிலும் காணப்படுவர்.

இயற்பெயரும் மாறும். வசில் என்பவன் பள்ளியிலும் வேலையிலும் வில்லியம் ஆயினான். இவான் ஜான் ஆயினான். திமித்ரோ மெட்ரோ ஆயினான். கரையிறங்கிய இடத்தில் அதிகாரி ஒருவர் பெயரை மாற்றிவிட்டார் என்று குடும்பக் கதைகள் பல கூறும். கப்பற் பெயர்ப்பட்டியோ புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. பெயர் மாற்றம் பெரும்பாலும் பின்னாளில், ஆசிரியராலும் முதலாளியாலும் சிலபோழ்து தாமே விரும்பியும் நிகழ்ந்தது.

நாட்டின் பெயரிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. அக்காலப் பதிவுகளில் ‘உக்ரேன்’ என்று தேடுவார்க்கு ஏதும் கிட்டாது. ‘ஆஸ்திரியர்’, ‘கலீசியர்’, ‘புக்கோவினர்’, ‘ருத்தேனியர்’ என்றே எழுதப்பட்டனர். ஒரே குடும்பம் ஒரு குடிக்கணக்கில் ஆஸ்திரியராகவும், அடுத்ததில் கலீசியராகவும் இருத்தல் கூடும்.

நாட்கணக்கும் அவ்வாறே. அம்மக்களின் கோயில்கள் பழைய ஜூலியன் பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டன. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரிகோரியன் பஞ்சாங்கத்திற்குப் பன்னிரண்டு நாளும், இருபதாம் நூற்றாண்டில் பதின்மூன்று நாளும் பிற்பட்டது. ஆதலின் கல்லறைக் கல்லிலும் அரசாங்கத் தாளிலும் பிறந்த நாள் பன்னிரண்டு நாள் வேறுபட்டால், இருவர் என்று மயங்கலாகாது. ஒருவரே எனத் தெளியலாம்.

4. நிலக்குறிப்பு என்னும் திறவுகோல்

பெயர் மாறினும் நிலம் மாறாது. வட்டார நூல்களிற் பெரும்பாலானவை ஒவ்வொரு குடும்பத்தின் வரலாற்றிலும் நிலக்குறிப்பு ஒன்றைத் தரும். நம் நாட்டில் சர்வே நம்பர் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அக்குறிப்பு. அதனைப் படிக்கும் முறை இது.

மேற்குச் சமவெளி முழுவதையும் ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் ஒரு டவுன்ஷிப் என்றனர். ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் ஒரு சதுர மைல் கொண்ட 36 செக்ஷன்கள் உள. ஒரு செக்ஷன் 640 ஏக்கர். அதன் காற்பங்காகிய 160 ஏக்கரே குடியேறியவர்க்குக் கிடைத்தது. டவுன்ஷிப்புகளை அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கு நோக்கி எண்ணுவர். மெரிடியன் என்னும் வடதென் கோடுகளிலிருந்து மேற்கு நோக்கி எண்ணும் வரிசை ரேஞ்சு எனப்படும். முதல் மெரிடியன் வின்னிப்பெக் நகருக்குச் சற்று மேற்கிலும், நான்காவது ஆல்பர்ட்டாவின் கிழக்கெல்லையிலும் உள்ளன.

ஓர் எடுத்துக்காட்டு. நூலில் ‘வடகிழக்கு 22-56-19-மேற்கு 4’ என்று இருப்பதாகக் கொள்வோம். நான்காம் மெரிடியனுக்கு மேற்கே பத்தொன்பதாம் ரேஞ்சில், ஐம்பத்தாறாம் டவுன்ஷிப்பில், இருபத்திரண்டாம் செக்ஷனின் வடகிழக்குக் காற்பங்கு என்பது இதன் பொருள். கணக்கிட்டுப் பார்த்தால், அவ்விடம் எல்லைக்கு வடக்கே ஏறத்தாழ 330 மைலிலும், மெரிடியனுக்கு மேற்கே ஏறத்தாழ 108 மைலிலும் உள்ளதென எளிதில் விளங்கும். எட்மண்டனுக்குக் கிழக்கே, பழைய உக்ரேனியக் குடியேற்றமாகிய ஸ்டார் வட்டாரத்தில் அது விழும்.

இவ்வெண் கிடைத்தபின், மாகாண ஆவணக் களரிகளில் உள்ள ஹோம்ஸ்டெட் கோப்பைத் தேடிப் பெறலாம். பட்டா கோரிய குடியேறி, தான் வந்த நாள், வீட்டின் நீள அகலம், அதன் மதிப்பு, ஆண்டுதோறும் உழுத ஏக்கர், வைத்திருந்த மாடுகள், குடும்பத்தினர் தொகை ஆகியவற்றைச் சத்தியம் செய்து எழுதித் தரவேண்டும். அண்டை நிலத்தார் இருவர் சாட்சி கூறவேண்டும். பேரன் எழுதிய குடும்பக் கதையில், ‘பாட்டனார் உழைப்பால் உயர்ந்தார்’ என்று ஒரு வரி இருக்கும். கோப்பிலோ, முதலாண்டில் இரண்டு ஏக்கரே உழுதார் என்பதும், மாடு ஒன்றும் இல்லை என்பதும், நிலத்தைத் தோண்டிப் புற்கரணைகளால் மூடிய குழிவீட்டில் குளிர்காலத்தைக் கழித்தார் என்பதும் வெளிப்படக்கூடும். உயர்வைப் புகழும் வரியைக் காட்டிலும் இக்கணக்கு அவரை நம் கண்முன் நிறுத்தும்.

அண்டையார் பெயரையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஓர் ஊரிலிருந்து புறப்பட்டவர், முன்சென்ற உறவினரும் ஊராரும் இருந்த இடத்துக்கே சென்று அடுத்தடுத்து நிலம் பெற்றனர். நெபிலிவ் ஊரார் ஸ்டாரில் கூடினர். புக்கோவினாவின் ஷிபிந்த்சி என்னும் ஊரின் பெயர் ஆல்பர்ட்டாவில் ஷிபெனித்ஸ் என வழங்குகின்றது. ஆதலின் தம் பாட்டனாரின் பிறந்த ஊரை நூல் கூறாவிடினும், பக்கத்து மூன்று நிலத்தாரின் ஊரைக் கூறுமாயின், அவ்வூரிலேயே தேடத் தொடங்கலாம்.

5. நூல்கள் கூறாதவை

இதுகாறும் நூல்களின் பயனைக் கூறினோம். இனி, அவற்றை நம்பியே அமைவார்க்கு நேரும் குறைகளையும் கூறவேண்டும். இக்கட்டுரையின் கருத்தும் இதுவே: குடியேறியோர் வரலாற்று நூல் ஒரு வாயிலே, அதனுள் நுழைந்து அப்பாற் செல்லாது வாயிலிலேயே நிற்பவர், வாயிலில் எழுதப்படாதவரை என்றும் காணார்.

எழுதப்படாதவர் யாவர்? முதலாவது, பெண்கள். ஆடவன் பதினெட்டு வயதில் நிலம் கோரலாம். பெண் கோருவதாயின், கைம்பெண் போலத் தானே குடும்பத்தலைவியாயிருந்தாலன்றி இயலாது. ஆதலின் நிலத்தாள்கள் ஆடவர் பெயராலேயே உள்ளன. அவற்றை ஆதாரமாகக் கொண்ட நூல்களிலும் ‘அவரும் அவர் மனைவியும் நான்கு குழந்தைகளும் வந்தனர்’ என்று மனைவி பெயரற்று நிற்கின்றாள். கணவன் கூலிக்காக இரயிற்பாதை வேலைக்கும் சுரங்கத்துக்கும் மாதக்கணக்கிற் சென்றுவிட, சுவருக்கு மண் பூசியவளும், காட்டை வெட்டியவளும், பிள்ளைகளைக் காத்தவளும் அவளே. பட்டாவுக்கு வேண்டிய உழைப்பிற் பாதி அவளுடையது; பட்டாவில் அவள் பெயர் இல்லை. அவளுடைய தந்தை வீட்டுப் பெயரைக் கண்டறியாவிடில், முன்னோரிற் சரிபாதி நமக்கு மறைந்தே போகும்.

இரண்டாவது, நிலம் பெறுமுன் இறந்தவர். 1899-ஆம் ஆண்டு மே மாதத்தில், மானிட்டோபாவின் பாட்டர்சன் ஏரிக்கரையில் தங்கியிருந்த புதிய குடியேறிகளிடையே செங்காய்ச்சல் பரவி நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். அக்குழந்தைகளுக்கு நிலக்கோப்பு ஏது? குடிக்கணக்கு ஏது? கப்பற் பட்டியில் பெயர் இருக்கும். அடுத்த 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இராது. இரண்டையும் ஒப்பிட்டு நோக்குபவரே, குடும்பத்தில் ஒரு குழந்தை குறைவதைக் காண்பர். குடும்பக் கதையில் ஒருவரும் சொல்லாத துயரம் இரு பட்டிகளின் இடைவெளியில் நின்று பேசும்.

மூன்றாவது, தோற்றவர். நிலம் சதுப்பாயிருந்ததால் கைவிட்டவரும், நகரத்துக்கு வேலை தேடிப் போனவரும், ஊர் திரும்பியவரும் வட்டார நூல்களில் இடம்பெறுவது அரிது. நூல் எழுதும் காலத்தில் ஊரில் எஞ்சியிருந்தவரே தம் கதையை எழுதினர்.

நான்காவது, பேச அஞ்சிய செய்திகள். 1914-இல் போர் தொடங்கியதும், ஆஸ்திரியக் குடிகள் என்ற காரணத்தால் உக்ரேனியர் பலரைக் கனடா அரசாங்கம் பகைநாட்டார் எனப் பதிவு செய்தது. 1920 வரை நடந்த சிறைமுகாம்களில் பல இனத்தவருமாக 8,579 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பகுதியினர் உக்ரேனியர். ‘ஆட்டுத்தோற் சட்டை அணிந்த நல்லுழவர்’ என அழைத்து வந்த நாடே அவரைக் கம்பிவேலிக்குள் இட்டது. அச்சமும் நாணமும் மேலிட, அதனைத் தம் பிள்ளைகளுக்கும் கூறாது விட்டார் பலர். முகாம்களைப் பற்றிய அரசாங்கத் தாள்களிற் பெரும்பகுதி பின்னர் அழிக்கப்பட்டது. 2005-இல் கனடா நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் இந்நிகழ்ச்சியை ஒப்புக்கொண்டது. ஒரு குடும்ப வரலாறு 1913-இலிருந்து 1921-க்குத் தாவுமாயின், அத்தாவலைக் கூர்ந்து நோக்குதல் நன்று.

இவையன்றி, ஒரு நூலிலிருந்து மற்றொன்று பிழையையும் சேர்த்துப் பெயர்த்தெழுதுவது உண்டு. மூன்று நூல்கள் ஒன்றையே கூறினும், மூன்றும் ஒருவரிடமிருந்தே எடுத்தவையாயின் சாட்சி ஒன்றே என்பதை மறத்தல் கூடாது.

6. மூல ஆதாரங்களும் பிறந்த ஊரும்

ஆகவே நூலில் கண்டதை மூல ஆதாரங்களோடு ஒப்பிடவேண்டும். குவிபெக், ஹாலிபாக்ஸ் துறைமுகங்களின் கப்பற் பட்டிகள் ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆவணக் களரியில் உள்ளன. ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவராயின், 1850 முதல் 1934 வரை அங்கே எழுதப்பட்ட பட்டிகளில் அவர் கடைசியாக வாழ்ந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கும். குடிக்கணக்கேடுகளை எடுத்த 92 ஆண்டு கழித்தே கனடாவில் பொதுமக்கள் பார்க்கலாம். அம்முறையில் 1931-ஆம் ஆண்டுக் கணக்கு 2023-இல் திறக்கப்பட்டது. கோயிற் கல்லறைகளில் சிரில்லிக் எழுத்திற் பொறித்த கற்களும் அரிய சான்றுகளாம். ஆங்கிலத் தாளில் சிதைந்த பெயர் அங்கே செவ்விய வடிவில் இருக்கும்.

இவற்றால் எல்லாம் நாம் பெற முயல்வது ஒன்றே: பிறந்த ஊரின் பெயர். மாகாணப் பெயர் போதாது. ஊரும் அதன் மாவட்டமும் சேர்ந்தே வேண்டும். ஸலிஸ்யா, வோலித்ஸியா முதலிய பெயருடைய ஊர்கள் கலீசியாவிற் பல. ஊர் தெளிந்தபின், கடலைக் கடந்து அவ்வூர்க் கோயிற் பதிவேட்டை நாடலாம். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784-இல் இட்ட ஆணையின்படி, குருமார் பிறப்பு, மணம், இறப்பு என்னும் மூன்றற்கும் தனித்தனியே, வகுத்த கட்டங்களில் இலத்தீன் மொழியில் பதிவு செய்தனர். ஒவ்வொரு பதிவிலும் வீட்டு எண் உண்டு. ஓர் ஊரில் ஒரே பெயருடையார் பலராயினும், வீட்டு எண்ணைப் பற்றிச் சென்றால் குடும்பத்தைப் பிரித்தறியலாம். மேலும் அப்பதிவில் தாயின் பெயரும், பெரும்பாலும் அவளுடைய பெற்றோர் பெயரும் இருக்கும். கனடாவின் நிலத்தாளில் பெயரற்று நின்றவள், தன் ஊர்க் கோயிலேட்டில் இன்னார் மகளென நிற்கின்றாள். நூலில் நின்றுவிடாது அப்பாற் சென்றார்க்குக் கிடைக்கும் பயன் இதுவாம்.

கலீசியாவின் கிரேக்கக் கத்தோலிக்கக் கோயிற் பதிவேடுகளிற் பெருந்தொகுதி ஒன்று லிவிவ் நகரத்து மத்திய வரலாற்று ஆவணக் களரியில் உள்ளது. அவ்வேடுகள் கண்ட அரசுகள் எத்தனை! 1918 வரை ஆஸ்திரியா, பின்னர்ப் போலந்து, பின்னர்ச் சோவியத் ஆட்சி, 1991 முதல் விடுதலை பெற்ற உக்ரேன். 2022 பிப்ரவரியில் ருஷியப் படையெடுப்பு பெருகியபின், ஏடுகளைக் காத்தலும் படியெடுத்தலும் எத்துணை அவசரமானவை என்பது உலகுக்கு விளங்கியது. ஆயிரக்கணக்கான உக்ரேனியர் மீண்டும் கனடாவை நோக்கிப் புறப்பட்டதும் அப்போரினாலேயே.

முடிவுரை

குலப்பெருமை பாராட்டுதற்காக முன்னோரைத் தேடுவாரும் உளர். ஆனால் இவ்வாராய்ச்சியிற் புகுந்தோர் ஈற்றில் அடைவது பெருமையினும் பெரிதாகிய ஒன்று. அரசரையும் வீரரையும் தேடிச் சென்றவர், பத்து டாலரும் ஒரு கோடரியும் கொண்டு காட்டில் நின்ற ஒருவனையும், அவனருகே பெயர் எழுதப்படாது நின்ற ஒருத்தியையும், ஏரிக்கரையில் புதைக்கப்பட்ட ஒரு குழந்தையையும் காண்கின்றனர். அவர்களுடைய பெயரை மீண்டும் எழுதி வைத்தல் பிள்ளைகள் தீர்க்கவேண்டிய கடன். அச்சான நூல் அக்கடனின் ஒரு பகுதியைத் தீர்த்தது. எஞ்சியதைத் தீர்க்க விரும்புவார், வீட்டிலுள்ள முதியோரிடம் இன்றே சென்று, பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதத் தொடங்கட்டும். ஏடுகள் நூறாண்டு காத்திருக்கும், முதியோர் காத்திரார்.